தாடிப் பெட்டி வாங்குமுன்

மதுரை நகரத்தின் தென்கரையிலிருந்து யானைக்கல் வழியாக ஆல்பர்ட் விக்டர் பாலத்தைக் கடந்து, வைகையில் நீர் ஓடும் காலத்தில் நீரையும் ஓடாத காலத்தில் மணலையும் ஆகாயத்தாமரையையும் பார்த்துக்கொண்டே வடகரைக்கு வருகிறவர் முதலில் கால் வைக்கும் இடம் கோரிப்பாளையம். பாதுஷாக்கள் இருவர் அடங்கிய தர்காவும், அரசு இராசாசி மருத்துவமனையும், அமெரிக்கன் கல்லூரியும் கூப்பிடு தூரத்துக்குள்ளேயே அமைந்திருப்பதால், ஆடவர் முகத்தில் வளரும் உரோமத்தின் வகைகளை ஒரே மாலைப்பொழுதில் பார்த்துவிட விரும்புகிறவருக்கு இதைவிடத் தக்க இடம் நம் நாட்டில் கிடைப்பது அரிது. தர்கா வாசலில் மருதாணிச் சிவப்பேறிய முதியவரின் நீண்ட தாடி. மருத்துவமனை மதிலோரத்தில், உள்ளே படுத்திருக்கும் உறவினருக்குத் துணையாக வந்து சவரத்தை மறந்துபோன கிராமத்தாரின் நாலு நாள் முள்தாடி. அழகருக்கோ ஐயப்பனுக்கோ நேர்ந்துகொண்டு விரதம் காப்பவரின் சீப்புப் படாத தாடி. கல்லூரி வாசலில், கன்னத்தில் கோடு கிழித்தாற்போல் ஓரம் வெட்டி, எண்ணெய் மினுமினுக்கத் திரியும் இளைஞரின் தாடி. முதல் மூன்று வகையாருக்கும் தாடி தானாக வளர்ந்தது, அல்லது ஒரு காரணம் பற்றி வளர்ந்தது. நான்காம் வகையார்தாம் அதற்காகப் பணம் செலவிடுகிறவர்கள். அவர்களை உத்தேசித்தே ‘பியர்டு கிட்’ என்னும் தாடிப் பெட்டி இன்று கடைகளிலும், வீட்டுக்கே வந்து சேரும் அட்டைப் பொதிகளிலும் விற்பனையாகிறது.

பெட்டியைத் திறந்தால் எண்ணெய்ப் புட்டி ஒன்று, மெழுகுக் களிம்பு டப்பா ஒன்று, சீப்பு, தூரிகை, சிறு கத்தரி, தாடிக்கென்றே தனியாகச் செய்ததாகச் சொல்லப்படும் ஷாம்பு, விலை கூடினால் டிரிம்மர் ஆகியவை காணப்படும். நம் பாட்டனார் காலத்தில் இத்தகைய பெட்டியைச் சொந்தமாக வைத்திருந்தவர் இல்லை. ஊரில் முடிதிருத்தும் மருத்துவர் தம் அடைப்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுத் திண்ணைக்கு வருவார். சவரக்கத்தி, அதைத் தீட்டும் தோல்வார், சாணைக்கல், கத்தரி, சீப்பு, தண்ணீர்க் கிண்ணி, நகவெட்டி, கைக்கண்ணாடி, படிகாரத் துண்டு ஆகிய அவ்வளவும் அதற்குள் இருக்கும். உபயோகமில்லாத ஒரு பொருளை ஊர் ஊராகச் சுமந்து திரிய அவருக்கு அவசியம் இருக்கவில்லை. இன்றைய பெட்டியில் இருப்பவற்றிலோ, பெட்டி நிறைந்து தோன்றவேண்டும் என்ற ஒரே காரணத்தால் இடம் பிடித்தவை பாதிக்குக் குறையா. எது வேண்டும், எது வேண்டாம் என்று பிரித்தறிய விரும்புகிறவர் உரோமத்தின் சுபாவத்தைக் கொஞ்சம் அறிந்துகொள்ள வேண்டும். அந்த உரோமம் முளைக்கும் தோலின் சுபாவத்தை அதைவிட அதிகமாக அறிந்துகொள்ள வேண்டும்.

பருவம் எய்தும் வரை ஆண்பிள்ளையின் கன்னத்தில் பூனைமயிரே இருக்கிறது. பிறகு இரத்தத்தில் பெருகும் டெஸ்டோஸ்டிரோன் என்னும் சுரப்பு நீரும், தோலின் உள்ளேயே அதிலிருந்து உண்டாகும் டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன் என்னும் பதார்த்தமும், கன்னத்திலும் மோவாயிலும் உள்ள உரோம வேர்ப்பைகளைத் தூண்டி, மென்மையான மயிரைக் கருத்துத் தடித்த மயிராக மாற்றுகின்றன. அதே பதார்த்தம் உச்சந்தலையில் உள்ள வேர்ப்பைகளுக்கு, பரம்பரையில் அந்தப் பலவீனம் உள்ளவர்களிடத்தில், நேர்மாறான காரியத்தைச் செய்து அவற்றைச் சுருங்கச் செய்கிறது என்பது இயற்கையின் வேடிக்கைகளுள் ஒன்று. மார்பு வரை தாடி தொங்க, தலை மட்டும் வழுக்கையாகப் பளபளக்கும் பெரியவர்கள் இதற்குப் பிரத்தியட்ச சாட்சி.

இந்த வேர்ப்பைகளின் எண்ணிக்கை பிறக்கும்போதே தீர்மானமாகிவிட்டது. அவற்றுள் எவை எந்த வயதில் விழித்தெழும் என்பதைப் பரம்பரை நிர்ணயிக்கிறது. இருபது வயதில் கன்னத்தில் வெற்றிடம் உள்ளவனுக்கு முப்பதில் அது நிரம்பிவிடுவதும் உண்டு. ஆகையால், “அண்ணே, இத ஒரு மாசம் தேச்சுப் பாருங்க, காடு மாதிரி வந்துரும்” என்று கடைக்காரர் புட்டியை நீட்டும்போது, அந்த ஒரு மாசத்தில் காடு வருமேயானால் அது எண்ணெய் இல்லாமலும் வந்திருக்கும் என்று அறிக. முகமயிர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர் வளர்கிறது. மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல். மேலே பூசும் எந்த வாசனை எண்ணெயும் புதிய வேர்ப்பையைப் படைப்பதில்லை. இரத்தக் கொதிப்புக்கு மருந்தாக வந்து, பின்னர் வழுக்கைத் தலைக்குப் பூசும் மருந்தாக மாறிய மினாக்சிடில் என்பதைச் சிலர் தாடிக்கும் பூசிக்கொள்கிறார்கள். அதற்குப் பலன் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது மருந்து. தலைக்கென்று அங்கீகாரம் பெற்ற மருந்தை முகத்தில் பூசுவதற்குமுன் தோல் மருத்துவரைக் கேட்பதே முறை.

வளர்ச்சியைப் பற்றிப் பேசும்போது, விஞ்ஞான இலக்கியத்தின் விசித்திரமான ஏடு ஒன்றைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. 1970-ஆம் ஆண்டில் ‘நேச்சர்’ என்னும் புகழ்பெற்ற ஆங்கில விஞ்ஞான சஞ்சிகையில், ஆசிரியர் பெயர் இல்லாமலே ஒரு சிறு ஆராய்ச்சிக் கட்டுரை வெளியாயிற்று. எழுதியவர், தம் உத்தியோக நிமித்தம் வாரக்கணக்கில் ஒரு தீவில் தனித்திருக்க நேர்ந்த ஆராய்ச்சியாளர். தீவில் இருக்கும்போது தம் தாடியின் வளர்ச்சி குறைவதாக அவருக்குத் தோன்றிற்று. உடனே தினந்தோறும் மின்சார ரேசரில் சேர்ந்த மயிர்த்துகளைத் திரட்டி நிறுத்துக் குறித்துவைக்கத் தொடங்கினார். கரைக்குத் திரும்பித் தம் துணையைச் சந்திக்கும் காலம் நெருங்க நெருங்கத் துகளின் எடை ஏறிற்று என்பது அவர் கண்ட முடிவு. பரிசோதனைக்கு உட்பட்டவர் ஒரே ஒருவர் என்பதால் அதைப் பொது விதியாகக் கொள்ள இயலாது. அவர் ஏன் பெயரை மறைத்தார் என்பதையும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் தாடியின் வளர்ச்சி உள்ளிருந்து ஆளப்படுவது என்பதை அந்த மனிதரின் சின்னத் தராசு நன்றாகவே எடுத்துக்காட்டுகிறது.

இனிக் கருவிகளுக்கு வருவோம். தலைமயிரைக் காட்டிலும் தாடிமயிர் தடித்தது. அதன் குறுக்குவெட்டு வட்டமாக இராமல் நசுங்கியும் கோணலாகவும் இருப்பதால்தான் அது சுருள்கிறது. மேற்புறத்தில், சீமை ஓடு வேய்ந்த கூரையைப் போல, ஒன்றன்மேல் ஒன்று படிந்த நுண்ணிய செதில்கள்; உள்ளே கெராட்டின் என்னும் புரதத்தால் ஆகிய நார்கள். இந்த நார்களைப் பிணைத்து வைத்திருக்கும் பந்தங்களில் ஒரு பகுதி தண்ணீரில் தளர்ந்துபோகும் இயல்புடையது. நனைந்த மயிர் தன் எடையில் மூன்றில் ஒரு பங்குவரை நீரை உறிஞ்சி, பருத்து, இளகுகிறது. இளகிய மயிரை வெட்டுவதற்கு வேண்டிய பலம் வெகுவாகக் குறைகிறது. பழைய முடிதிருத்தும் மருத்துவர்கள் கத்தியைத் தொடுமுன் முகத்தில் தண்ணீரைத் தடவித் தடவி ஊறவைத்துவிட்டு, அந்த இரண்டு மூன்று நிமிஷமும் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்ததில் சாஸ்திரம் இருந்தது.

எஃகைவிட ஐம்பது மடங்கு மென்மையான மயிர், எஃகுப் பிளேடை எவ்வாறு மழுங்கச் செய்கிறது என்ற கேள்விக்கு, அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தைச் சேர்ந்த ரோசியோலி, தாசன் முதலியோர் 2020-இல் விடை கண்டார்கள். மின்னணு நுண்ணோக்கியின் அடியில் ஒரே ஒரு மயிரை வெட்டச் செய்து அவர்கள் பார்த்தபோது, பிளேடின் முனை தேய்வதற்குப் பதிலாகச் சில்லுச் சில்லாக உடைவது தெரிந்தது. வெட்டும்போது மயிர் வளைந்து சாய்ந்து நின்றால், எஃகின் உள்ளமைப்பு சீரற்றிருக்கும் இடம் பார்த்து முனை பெயர்கிறது. உலர்ந்த விறைப்பான தாடியில் பிளேடை இழுப்பவர்கள் தோலைக் காயப்படுத்திக்கொள்வதோடு பிளேடையும் பாழாக்குகிறார்கள் என்பது இதனால் ஊகிக்கத்தக்கது.

ஆயினும், தாடி வைத்திருப்பவருக்குப் பிளேடு பிரதான ஆயுதம் அன்று. கழுத்தையும் கன்னத்தின் மேல்வரம்பையும் ஒழுங்கு செய்வதற்கு மட்டுமே அது வேண்டும். அங்கும் சுருள்மயிர் உடையவர்கள் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும். மயிரை மிக ஒட்ட மழித்தால் அதன் கூரிய முனை தோலின் மட்டத்துக்குக் கீழே போய்விடுகிறது; மீண்டும் வளரும்போது வளைந்து தோலுக்குள்ளேயே குத்தி, பருவைப்போன்ற சிவந்த கொப்புளங்களை எழுப்புகிறது. கழுத்தோரத்தில் வரும் இந்தச் சொரசொரப்பைச் சூட்டுக் கொப்புளம் என்று நினைத்து இளநீர் குடிப்பவர்கள் பலர். இளநீர் நல்லதுதான்; கொப்புளத்துக்கு மருந்து ஒட்ட மழிப்பதை நிறுத்துவது. ஒரு மில்லிமீட்டர் அளவு மயிரை விட்டு வெட்டும் டிரிம்மர் இவர்களுக்குப் பெரும் உபகாரம். பிளேடு தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல்களை உண்டாக்குகிறது என்பதைப் பற்றி இன்னொரு சான்றும் சொல்லலாம்: அறுவைச் சிகிச்சைக்கு முன் மயிரைப் பிளேடால் மழிக்கவே கூடாது, நீக்கியே தீரவேண்டுமானால் கிளிப்பர் என்னும் வெட்டுக்கருவியால் நீக்குக என்று உலக சுகாதார நிறுவனம் 2016-இல் வெளியிட்ட வழிகாட்டி அறுதியிட்டுக் கூறுகிறது. அறுவை மேஜைக்கு உரிய நியாயம் முகத்துக்கும் உரியதே.

எனவே பெட்டியின் விலையில் பெரும்பங்கு டிரிம்மருக்குப் போகட்டும். அதில் பார்க்கவேண்டியவை மேலட்டையில் பெரிய எழுத்தில் இருப்பவை அல்ல. அசையாத பல்வரிசை ஒன்றின்மேல் அசையும் பல்வரிசை ஒன்று ஓடி, இடையில் அகப்பட்ட மயிரைக் கத்தரிப்பதே அதன் தொழில். ஆகவே தலைப்பகுதி கழற்றிக் கழுவத்தக்கதா, மாற்றுத் தலை கிடைக்குமா என்பவை முதல் கேள்விகள். பொன்னிறமாக மின்னும் பூச்சு டைட்டானியம் நைட்ரைடு என்ற கடினப் பொருளாக இருக்கலாம், வெறும் நிறமாகவும் இருக்கலாம். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. நீளத்தை நிர்ணயிக்கும் சீப்புக் கவசம் அரை மில்லிமீட்டர் படிகளில் நகர்வது குட்டைத் தாடிக்கு அவசியம். நாலு விரற்கடைத் தாடி உள்ளவருக்கு அது வீண், நல்ல கத்தரி ஒன்றே போதும். ஐ.பி.எக்ஸ். 7 என்ற குறி இருந்தால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரைமணி நேரம் கிடந்தாலும் கெடாது என்று பொருள். 4 என்றால் தெறிக்கும் நீரைத்தான் தாங்கும், குழாயடியில் காட்டக்கூடாது. உள்ளிருப்பது லித்தியம் மின்கலமானால் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவுக்குறி உண்டா என்று பார்த்து வாங்குவதும், சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் அதை விட்டுவைக்காமல் இருப்பதும் விவேகம். பல்வரிசைக்கு அவ்வப்போது தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுக. தேங்காய் எண்ணெய் விடுபவர்கள் உண்டு. அது குளிரில் உறைந்து இறுகிப் பல்லைப் பிடித்துக்கொள்ளும்.

சீப்பைப்பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அச்சில் வார்த்த மலிவான பிளாஸ்டிக் சீப்பின் ஒவ்வொரு பல்லிலும், அச்சின் இரு பாதிகள் கூடிய இடத்தில், ஒரு மெல்லிய விளிம்பு நிற்கும். நகத்தால் வருடிப் பார்த்தால் தெரியும். அந்த விளிம்பு செதில்களைச் சுரண்டும். வேப்பமரத்தையோ ஈட்டிமரத்தையோ வாளால் அறுத்துத் தேய்த்த சீப்பில் அது இல்லை. வறண்ட நாளில் மின்னேற்றம் பிடித்துத் தாடி சிலிர்த்து நிற்பதும் குறைவு.

தூரிகைக்கோ கோரிப்பாளையத்தில் ஒரு விசேஷமான கேள்வி உண்டு. “பாய், இது என்ன முடி?” என்று வாங்குபவர் கேட்பார். பெட்டியில் வரும் விலையுயர்ந்த தூரிகைகள் பெரும்பாலும் பன்றிமயிரால் ஆனவை. தொழுகைக்குப் போகும் முகத்தில் அது படுவதை இஸ்லாமியர் விரும்பார், மரக்கறி நெறியினரும் விரும்பார். நைலான் தூரிகையும் தாவர நார்த் தூரிகையும் கிடைக்கின்றன. தோல்நெய்யை மயிர் நெடுகப் பரப்புவதில் பன்றிமயிர் ஒரு படி மேல் என்றாலும், இழப்பு பெரிதன்று. விலங்குமயிரைப் பற்றிய எச்சரிக்கை வேறொன்றும் சரித்திரத்தில் இருக்கிறது. முதல் உலக யுத்த காலத்தில், சரியாகச் சுத்திகரிக்கப்படாத குதிரைமயிரால் செய்த மலிவான சவரத் தூரிகைகளின் வழியாக ஆந்த்ராக்ஸ் என்னும் அடைப்பான் நோய் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் சிப்பாய்களையும் பொதுமக்களையும் தொற்றியது. 1920-இல் ஜப்பானியத் தூரிகைகளின் இறக்குமதியை இங்கிலாந்து தடை செய்யும் அளவுக்கு அது போயிற்று. இன்று அந்தப் பயம் வேண்டாம். ஆனால் எதனால் ஆனது, எங்கே ஆனது என்று அச்சிடாத தூரிகையை முகத்தில் தேய்க்க வேண்டிய நிர்ப்பந்தமும் யாருக்கும் இல்லை.

மதுரையில் தாடி வளர்ப்பவருக்கு எண்ணெயினும் முக்கியமான விஷயம் தண்ணீர். மாநகராட்சிக் குழாயில் வருவது ஒரு வகை. வீட்டு ஆழ்துளைக் கிணற்றிலிருந்து ஏறுவது உப்புத் தண்ணீர். பின்னதில் கால்சியமும் மக்னீசியமும் மிகுதியாகக் கரைந்திருக்கின்றன. குளியல் சோப்பைத் தேய்த்தால் நுரைக்குப் பதிலாக, கரையாத வெண்படலம் உண்டாகி, வாளியின் விளிம்பில் ஒட்டுவதுபோலவே தாடிமயிரிலும் ஒட்டிக்கொள்கிறது. ‘தாடி சொரசொரப்பாக இருக்கிறது’ என்று எண்ணெய்மேல் எண்ணெயாக மாற்றிப் பூசுகிறவர்களிற் பலருடைய உபத்திரவம் இதுதான். ஷாம்புவில் உள்ள செயற்கை அழுக்குநீக்கிகள் உப்பு நீரோடு இவ்விதம் திரிவதில்லை. ஆகையால் ஷாம்பு வேண்டும். ஆனால் தலைக்குப் போடும் மிதமான ஷாம்புவே தாடிக்கும் போதும். முகத்துக்கென்று தனிப் புட்டியும் இரட்டை விலையும் அவசியம் என்பதற்கு நியாயம் எனக்குப் புலப்படவில்லை. கடைசியாக ஒரு செம்பு நல்ல தண்ணீர் விட்டு அலசினால் இன்னும் நலம்.

எண்ணெயைப் பற்றி நம்மவர்க்குப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது என்று தோன்றலாம், இருக்கிறது. மும்பையில் மாரிக்கோ நிறுவனத்தின் ஆராய்ச்சிக்கூடத்தில் ரேலே, மொஹிலே என்ற இருவர் தேங்காய், சூரியகாந்தி, கனிமம் ஆகிய மூன்று எண்ணெய்களையும் ஒப்பிட்டு 2003-இல் வெளியிட்ட முடிவின்படி, மயிரிலிருந்து புரதம் கழிந்துபோவதைத் தடுத்தது தேங்காய் எண்ணெய் ஒன்றே. அதிலுள்ள லாரிக் அமிலம் சிறியதாகவும் நேரானதாகவும் இருப்பதால் செதில்களைத் தாண்டி உள்ளே புகுகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். அந்த நிறுவனம் தேங்காய் எண்ணெய் விற்பது என்பதையும் மறக்க வேண்டாம். ஆனாலும் விளக்கம் பொருத்தமாகவே இருக்கிறது. ஆக, மயிருக்கு நம் அடுக்களைப் புட்டியே போதும்.

தோலுக்கு அப்படிச் சொல்ல இயலாது. எண்ணெய்ப் பசையுள்ள தோலில் மலசீசியா என்னும் நுண்காளான் எல்லோரிடத்தும் குடியிருக்கிறது. அதற்கு ஆகாரம் கொழுப்பமிலங்கள். தாடிக்கு அடியில் வெண்பொடி உதிர்ந்து, சிவந்து, அரிப்பெடுப்பவருக்கு அது பெரும்பாலும் தலைப்பொடுகின் உடன்பிறப்பு. ‘வறட்சி’ என்று நினைத்து அவர் எண்ணெயை வார்க்கிறார், காளான் விருந்துண்கிறது. இவருக்கு வேண்டியது கீட்டோகோனசோல் சேர்ந்த ஷாம்புவும் மருத்துவர் ஆலோசனையும். அரிப்பில்லாதவர்கள் குளித்தபின், ஈரம் முற்றும் உலராதபோது, உள்ளங்கையில் நாலு சொட்டு எடுத்து மயிரின் நுனிப்பக்கமாகத் தடவினால் போதும்.

தாடி எண்ணெயின் விலை பெரும்பாலும் அதன் வாசனைக்கு. தர்காவைச் சுற்றியுள்ள கடைகளில் ஊது, ரோஜா, மல்லிகை, சந்தனம் என்று அத்தர் வாங்குபவர்க்கு இது புதிதன்று. இயற்கையானது என்பதால் வாசனைப் பொருள் சாதுவானது என்று நினைக்கலாகாது. லினலூல், லிமோனீன் முதலிய மணப்பொருள்கள் காற்றுப்பட்டுப் பழையதானபின் சிலருடைய தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும். முழங்கையின் உட்புறத்தில் ஒரு சொட்டுத் தடவி இரண்டு நாள் பார்த்த பிறகு முகத்துக்குக் கொண்டுபோவது நல்ல வழக்கம். களிம்பு டப்பாவுக்கு மதுரை வெயிலே பரீட்சை வைத்துவிடும். அதில் தேன்மெழுகு மிகுதியானால், 62 டிகிரிக்கு மேல்தான் உருகும் என்பதால், கெட்டியாக நிற்கும். ஷியா வெண்ணெய் மிகுதியானால் உடற்சூட்டிலேயே உருகக்கூடிய அது, கத்திரி வெயிலில் எண்ணெயாகி, இரவில் மணல்மணலாக உறைந்து கிடக்கும். மீசையை முறுக்கிவிடும் பழக்கமில்லாதவர் இதை விட்டுவிடலாம்.

நிறமேற்றுவதைப்பற்றி ஒரு வார்த்தை. மருதாணி இலையிலுள்ள லாசோன் என்ற பதார்த்தம் கெராட்டினோடு நேரே பிணைவதால் வரும் செம்மஞ்சள் நிறம், தர்கா வாசல் முதியவர்களின் முகத்திற்கு ஒரு கம்பீரத்தைத் தருகிறது, தீங்கும் அரிது. மருதாணி கறுப்பாகப் பிடிக்காது. ‘கறுப்பு மருதாணி’ என்று விற்பனையாவதில் சேர்ந்திருப்பது பாரா-பெனிலீன்டையமின் என்ற சாயப்பொருள். அது முகத்தை வீங்கச் செய்து மருத்துவமனைக்கு அனுப்ப வல்லது, வயிற்றுக்குள் போனால் உயிரையே வாங்க வல்லது. பெட்டியின் மூலையில் இத்தகைய பொட்டலம் இலவசமாக இருந்தால், இலவசம் என்பதற்காக வைத்துக்கொள்ள வேண்டாம்.

எஞ்சியிருப்பது படிகாரம். பொட்டாசியம் அலுமினியம் சல்பேட்டாகிய இந்தக் கல், கீறலில் கசியும் இரத்தத்தின் புரதத்தை உறையச் செய்து வாயை அடைக்கிறது, மலிவானது, நல்லது. ஆனால் ஒரே கல் பத்து முகங்களில் உருண்டால் அது நல்லதன்று. 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனீதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் எச்.ஐ.வி. கிருமி நம் நாட்டில் இருப்பதை முதன்முதலில் கண்டு சொன்னார்கள். பின்னர்ப் பரவிய அச்சத்தின் பலனாகச் சலூன்களில் தீட்டும் கத்தி மறைந்து, ஒவ்வொருவருக்கும் புதிய அரைப் பிளேடைச் சொருகும் மடக்குக்கத்தி வந்தது. அந்த அச்சம் செய்த நன்மை இது. உண்மையில் சவரக்கத்தி வழியாகப் பரவுவதில் எச்.ஐ.வி.யைவிட மிகுந்த வல்லமை உடையது ஹெபடைட்டிஸ் பி என்னும் கல்லீரல் கிருமி. சலூனில் பிளேடு மாற்றினாரா என்று கூர்ந்து பார்க்கும் அதே மாணவன், விடுதி அறையில் ஒரு டிரிம்மரை நாலு பேரோடு பகிர்ந்துகொள்கிறான்.

பெட்டி வாங்க நினைப்பவர்க்கு என் சிபாரிசு இவ்வளவே: நல்ல டிரிம்மர் அல்லது கத்தரி ஒன்று, மரச்சீப்பு ஒன்று, மிதமான ஷாம்பு ஒன்று ஆகியவற்றைத் தனித்தனியே வாங்குங்கள்; எண்ணெய் வீட்டிலேயே இருக்கிறது. வாங்கிய டிரிம்மரை உடன்பிறந்தவனுக்கும் இரவல் கொடாதீர்கள். உலர்ந்துபோன இரத்தத்துளியிலும் ஹெபடைட்டிஸ் பி கிருமி ஏழு நாள்வரை உயிரோடிருக்கும். அதற்குத் தடுப்பூசி உண்டு, பெரியவர்களுக்கு ஆறு மாதத்தில் மூன்று தவணை.